மூடுபனியில் நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா வீட்டுச் சமையலறையில், சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய்க்குப் பக்கத்தில். இல்லை, அதற்கும் முன்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "நீதான் நல்லா எழுதுவியேம்மா, எனக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் குடேன்" என்று கேட்டாரே, அப்போது.

நான் கதை எழுதுகிறவள். அதனால் குடும்பத்தில் யாருக்கு விண்ணப்பம், விடுப்புக் கடிதம், இரங்கல் செய்தி வேண்டுமென்றாலும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் கூட உண்டு. வெறுங்கையோடு வந்தவரை நாலு பத்தியோடு அனுப்பிவைக்கிற கர்வம்.

அத்தான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. ஒரு பிற்பகலில், மூடுபனிக்குள், அவர் பொறுப்பில் ஓடிக்கொண்டிருந்த கப்பல் ஒரு மீன்பிடிப் படகின் மேல் ஏறியது. படகில் கணவனும் மனைவியும் மட்டும். மனைவியைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். கணவனின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

விசாரணைக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "விதிகள் கூறும் ஒலியை இடைவிடாது எழுப்பியபடி, பனிக்குள் கப்பல் நிதானமாக முன்னேறிக்கொண்டிருந்தது."

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அது பொய். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம்தான் இந்தக் கதை. ஆத்திரத்தில் எழுதினால் கதை கெட்டுவிடும் என்று சொல்வார்கள். கெடட்டும்.

2

தொடக்கங்கள்:

மூடுபனி கடலின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையைப் போல

[வேண்டாம். போர்வை கதகதப்பானது. அதற்குள் யாரும் மூழ்குவதில்லை. இப்படி எழுதி எழுதித்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன்.]

கடல் அன்று எதையோ மறைத்துக்கொண்டிருந்தது. அந்த

[கடல் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவர்கள் எல்லாம் இரண்டு கால் உள்ளவர்கள். அவர்களில் ஒருத்தி நான்.]

சரி, விதியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அழகு தேவைப்படவில்லை.

தெளிவான வெளிச்சத்தில் இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி வந்தால், பெரும்பாலும் ஒன்று வழிவிட வேண்டும், மற்றது தன் போக்கில் போகலாம். யார் எப்போது வழிவிடுவது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மூடுபனி இறங்கி, ஒருவரையொருவர் கண்ணால் பார்க்க முடியாத நிலை வந்துவிட்டால், அந்தச் சலுகையெல்லாம் போய்விடுகிறது. 'நீ ஒதுங்கு, நான் போகிறேன்' என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. மலை போன்ற சரக்குக் கப்பலுக்கும் கிடையாது, கட்டுமரத்துக்கும் கிடையாது. இருவருமே வேகத்தைக் குறைக்க வேண்டும், இருவருமே ஒலி எழுப்ப வேண்டும், இருவருமே கேட்க வேண்டும். ஓடுகிற கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஒலி. மீன்பிடிக்கிற கலம் ஒரு நீண்டது, இரண்டு குறுகியது. முன்பக்கத்திலிருந்து அப்படி ஒரு ஒலி காதில் விழுந்துவிட்டால், ஆபத்து இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலொழிய, கப்பல் தன் திசையில் நிலைத்திருக்கத் தேவையான மிகக் குறைந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் நின்றே விட வேண்டும்.*

*பன்னிரண்டு மீட்டருக்குக் குறைவான சின்னப் படகுகள் இந்த முறைப்படி ஊதியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு எதையாவது கொண்டு, கேட்கும்படியாகச் சத்தம் போட்டால் போதும். நம் கதையில் வரும் படகு அப்படிச் சின்னது. படகில் இருந்த அந்த மனைவி ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தட்டியிருக்கலாம். ஆனால் ஒரு நீண்டது, இரண்டு குறுகியது என்று பெரிய கலங்களுக்கான முறைப்படியே ஊதுகொம்பில் ஊதினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எனக்கு வயிறு எரியும்போது தேவைப்படும்.

3

இனி கதை. இதில் வருவதெல்லாம் அத்தான் பிற்பாடு என்னிடம் சொன்னது. வாக்குமூலம் எழுதியபோது சொல்லாதது.

பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் அதிகாரி கப்பலோட்டும் அறைக்குள் வந்து பொறுப்பேற்றபோது ஹாரன் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, தானாகவே அடிக்கும்படி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே கப்பலின் மூக்கு கூடத் தெரியவில்லை. அவர் பதிவேட்டைத் திறந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்தார்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடுபனி வந்தால் மணிக்கொரு முறை நான்கு வரிகள் எழுத வேண்டும். கை வலிக்கிறதாம். அதனால் கம்பெனியே மைப்பெட்டியோடு முத்திரை செய்து எல்லாக் கப்பலுக்கும் அனுப்பியிருந்தது. பார்வை குன்றியுள்ளது. ஹாரன் ஒலிக்கிறது. காவலுக்கு ஆள் நிற்கிறார். வேகம் குறைக்கப்பட்டுள்ளது. ஒரு குத்து, ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. அவரும் குத்தினார்.

வேகம் குறைக்கப்பட்டிருக்கவில்லை. மணிக்குப் பதினான்கு கடல் மைல். நான்கு மணிக்குள் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கேப்டனின் உத்தரவு. எல்லாக் கப்பலிலும் அப்படித்தான், எல்லோரும் அப்படித்தான் குத்துகிறார்கள் என்று இரண்டாம் அதிகாரி பல வருஷங்களுக்கு முன்னாலேயே தன்னைச் சமாதானம் செய்துகொண்டுவிட்டார்.

ஆனால் அவர் பொறுப்பில்லாத ஆள் கிடையாது. காவல் நிற்கிற மாலுமியைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க விடாமல், பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளி மேடையில் நிறுத்தினார். "உள்ள நின்னா கண்ணுதான் இருக்கும், காது இருக்காது" என்றார். மாலுமிக்கு ஐம்பது வயதிருக்கும். கப்பலில் அவருக்குப் 'பூனைக்காது' என்று பெயர். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றம் என்றால் எஞ்சினியருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு இருபதுக்கு உள்தொலைபேசி அடித்தது. கேப்டன்.

"என்னப்பா, என் தலைக்கு மேலயே யானை கத்தற மாதிரி கத்துது. சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ண மூடலாம்னா விட மாட்டேங்கறியே. ரேடார் இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா பனி ரொம்ப..."

"ரேடாருக்கு ஏதுப்பா பனி? நிறுத்து."

இரண்டாம் அதிகாரி விசையைத் திருப்பினார். அறை திடீரென்று அமைதியானது. அந்த அமைதி ஒரு நிமிடம் உறுத்தியதாகவும், பிறகு பழகிவிட்டதாகவும் சொன்னார். ஒரு மணிக்கு மறுபடி பதிவேட்டைத் திறந்தார். இழுப்பறை, முத்திரை, மைப்பெட்டி. ஹாரன் ஒலிக்கிறது என்று குத்திக் கையெழுத்துப் போட்டார்.

நான்கு வரிகளில் இரண்டு உண்மை, இரண்டு பொய். பள்ளிக்கூடமாக இருந்தால் பாஸ்.

4

இந்த இடத்தில் கேப்டனை என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

அவரை அடித்து நொறுக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. முதல் வரைவில் அவருக்குத் தொப்பையும், பல் குத்தும் பழக்கமும் கொடுத்தேன். அத்தான் அதைப் படித்துவிட்டு, "அவர் ஒல்லியா இருப்பாரும்மா" என்றார். முந்தின துறைமுகத்தில் சரக்கு இறக்குவதற்காக முப்பது மணி நேரம் கண் மூடாமல் நின்றவராம் அவர். இதை நான் எழுத விரும்பவில்லை. எழுதினால் உங்களுக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை வசதியில்லாததை எழுதாமல் விட்டதன் பலனைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

தூக்கம் இல்லாத மனிதர் 'நிறுத்து' என்று சொன்னதைக் கூடப் புரிந்துகொள்ள முடிகிறது. எங்கோ ஒரு அலுவலகத்தில், நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, 'நடக்கப்போகும் உண்மைக்கு இப்போதே ஒரு முத்திரை செய்து வைத்துவிடலாம்' என்று ஒருவர் யோசித்தாரே, அவரை என்ன சொல்வது? அவருக்கு எந்த விசாரணைக் குழுவும் நோட்டீஸ் அனுப்பவில்லை. அந்த முத்திரையைக் கண்டுபிடித்ததற்காக அவருக்குக் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும்.

5

விசாரணை நடந்த அறையில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் எழுத்தை யாராவது படிக்கும்போது பக்கத்தில் இருக்க எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் போனேன், வெட்கக்கேடு.

முதலில் பூனைக்காதைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நம்ம ஹாரன் அடிக்கவில்லை என்றும், வலது முன்பக்கத்தில் ஊதுகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடிச் சொன்னதாகவும் சொன்னார். கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். காது பரிசோதனை அறிக்கை. இடது காதில் கேட்கும் திறன் குறைவு. வக்கீல் குரலை வேண்டுமென்றே இறக்கி எதையோ முணுமுணுத்தார். பூனைக்காது, "என்ன சார்?" என்றார். அறையில் சிலர் சிரித்தார்கள். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாற்காலி தள்ளி அத்தான் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அந்தப் பெண். நாற்பது வயதிருக்கலாம். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை ஊதினீங்க?"

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைங்க."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"கடிகாரத்தப் பாத்துத்தான் ஊதினேன். ஆணியில மாட்டியிருந்துச்சு."

"அந்தக் கடிகாரம் இப்ப எங்க?"

அவர் வக்கீலை நிமிர்ந்து பார்த்தார். "படகோட போயிடுச்சுங்க."

"கப்பல் ஹாரன் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லைங்க. கேட்டிருந்தா வலைய அறுத்து விட்டுட்டு நகர்ந்திருப்போம். அவரு கையில கத்திய வெச்சிக்கிட்டேதான் நின்னாரு."

"அம்மா, ஊதறது உங்க வாயில இருக்கு. உங்க சத்தமே உங்க காத அடைச்சிருக்கும். அப்ப வேற சத்தம் எப்படிக் கேக்கும்?"

"ஊதறது அஞ்சாறு நொடிங்க. மிச்ச நேரம் பூரா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?" அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கேக்கறதுக்குத்தானேய்யா ஊதறோம்."

வக்கீல் குழுவின் பக்கம் திரும்பி, "இதுக்கு நேர்மாறா, கப்பல் அதிகாரியோட வாக்குமூலம் எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாருங்க" என்று சொல்லி, என் வாக்கியத்தை வாசித்தார். விதிகள் கூறும் ஒலியை இடைவிடாது எழுப்பியபடி. குரலை ஏற்றி இறக்கி, நான் எங்கே மூச்சு விட நினைத்தேனோ அங்கே மூச்சு விட்டு வாசித்தார். கூடவே முத்திரை குத்திய பக்கத்தின் நகலையும் காட்டினார். குழுத்தலைவர் தலையாட்டினார். அந்தப் பெண் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, கடைசி வரை கேட்டார். அவ்வளவு கவனமாக என் எழுத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

(இங்கே 'எனக்குள் ஏதோ உடைந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். ஒன்றும் உடையவில்லை. அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் குடும்பத்து ஆள் தப்பித்தார் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டேன்.)

பத்து நாளில் வரைவு முடிவு வந்தது. படகில் முறையான ஒலி எழுப்பப்பட்டதற்குச் சான்று இல்லை. விபத்துக்குக் காரணம் இறந்துபோன படகோட்டியின் கவனக்குறைவு. மனைவிக்கு இனி கடலுக்குப் போகும் அனுமதியைப் புதுப்பித்துத் தரக் கூடாது. சாட்சிகள் யாராவது திருத்தம் சொல்ல விரும்பினால் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம்.

6

அந்த வாரம் திங்கட்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் ரிப்பேர் செய்கிறவர் வந்து கழற்றிப் போட்டுவிட்டு, "எந்த வாஷர்ம்மா?" என்று கேட்டார்.

"இரு, அவரு போன்ல சொல்லியிருந்தாரு. நான்தான் வாங்காம விட்டுட்டேன்" என்று அக்கா தன் போனைத் தேடி எடுத்தாள். "அன்னிக்கு அனுப்பினதுதான். அப்புறம் எங்க வாஷர், எங்க குழாய்..."

கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்தால் சிக்னல் கிடைக்கும். அத்தான் குரல் பதிவு அனுப்புவார். இது விபத்து நடந்த நாளில் ஒன்று முப்பத்தாறுக்கு வந்த பதிவு. நீளம் நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அக்கா ஒலியைக் கூட்டிப் பாத்திரமேடையில் வைத்தாள்.

ஒரு வாஷருக்கு நான்கு நிமிடம் பேச முடியுமா என்று கேட்காதீர்கள். அத்தானால் முடியும். முதலில் மெயின் வால்வை மூட வேண்டும். கருப்பு வாங்கக் கூடாது, வெந்நீரில் இளகிவிடும். கடைக்காரர் இருக்கிறதைத்தான் எடுத்துக் கொடுப்பார், விடாதே. நடுவில் மகளின் மூக்குக் கண்ணாடி மாற்றுவது பற்றி ஒரு கிளைக்கதை. குழாய்க்காரர் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மூன்று நிமிடம் போல.

பிறகு எனக்கு உறைத்தது. ஹாரன் எங்கே?

ஒன்று முப்பத்தொன்றிலிருந்து ஒன்று முப்பத்தாறு வரை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அதே அறையின் தலைக்கு மேலே, யானை கத்துகிற சத்தம். குறைந்தது இரண்டு தடவை வந்திருக்க வேண்டும். அத்தான் குரல் மட்டும் இருந்தது. காற்று இருந்தது. ஏதோ காகிதம் புரளும் சத்தம் கூட இருந்தது.

"...அதனால வெள்ளை வாஷர்..." என்று சொல்லி அத்தான் நிறுத்தினார். ஆறேழு நொடி. அந்த இடைவெளியில், வெகு தூரத்தில், மெல்லியதாக, ஒரு நீண்டது. இரண்டு குறுகியது. "...வெள்ளையாப் பாத்து வாங்கு" என்று தொடர்ந்தார்.

குழாய்க்காரர் தலையை நிமிர்த்தி, "பின்னாடி யாரோ ஊதறாங்களே?" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கப்பலையே படத்தில்தான் பார்த்திருப்பார். குழு காது கேட்காதவர் என்று முடிவு கட்டிய மாலுமிக்குக் கேட்டது, பாத்திரமேடையில் கிடந்த போனில் குழாய்க்காரருக்குக் கேட்டது. பதிவில் அதற்கடுத்து, காலடி ஓசையும் பூனைக்காதின் குரலும்: "சார், வலது முன்பக்கம் ஊதறாங்க சார்." அத்தான்: "சரி வெக்கிறேன்." அவ்வளவுதான்.

மோதியது ஒன்று முப்பத்தெட்டுக்கு.*

*அவ்வளவு பெரிய கப்பல் இரண்டு நிமிடத்தில் நிற்காது என்றார் வக்கீல். உண்மைதான். அதனால்தானே பதினான்கில் போகாதே என்று விதி சொல்கிறது! நிற்காவிட்டாலும் வேகம் குறையும், கொஞ்சம் திரும்பும், எல்லாவற்றுக்கும் மேலாக ஹாரனை அழுத்தினால் கத்தி வைத்திருந்தவர் வலையை அறுத்திருப்பார். ஒரு விரல் வேலை.

7

அத்தான் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஹாரன் அடிச்சுதா?"

"பதிவேட்டுல இருக்கேம்மா."

"பதிவேட்டுல இருக்கறது எனக்கும் தெரியும். அடிச்சுதா?"

அவர் நகவெட்டியை மடக்கிக் கீழே வைத்தார். "இல்ல."

பிறகு எல்லாம் சொன்னார். பன்னிரண்டு இருபது, யானை, ஒரு மணி முத்திரை. பூனைக்காது உள்ளே வந்ததும் கேப்டனுக்குப் போன் போட்டாராம்.

"'ரேடார்ல இருக்கா?'ன்னாரு. 'இல்ல'ன்னேன். 'அப்ப என்ன?'ன்னு வெச்சிட்டாரு. கை, வேகத்தக் குறைக்கற லீவர் மேலதான் இருந்துச்சு. இழுக்கல. மரப் படகு, ரேடார்ல சரியா விழாது. ஒரு புள்ளி வந்துச்சு, போச்சு. இன்னொரு தடவ வரட்டும், நிச்சயமாத் தெரிஞ்சுக்கலாம்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"காதுல கேட்டா போதும்னுதானே விதி? நீங்களும் கேட்டீங்க. பேச்ச நிறுத்தினீங்களே!"

அவர் நகத்துண்டுகளைச் செய்தித்தாளின் நடுவில் ஒதுக்கினார்.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நீ கேட்டே, பதிவேட்டுல இருக்குன்னேன். அதுக்கு மேல நீ கேக்கலையே." அவர் குரலில் குத்தல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "'இடைவிடாது'ன்னு நான் சொல்லவே இல்லம்மா. 'நிதானமா'ன்னும் சொல்லல. அதெல்லாம் நீ போட்டது. படிச்சுப் பாத்தப்போ, எனக்கே அப்படித்தான் நடந்துச்சோன்னு இருந்துச்சு."

அவரிடம் முத்திரை இருந்தது. என்னிடம் பேனா இருந்தது. நான் குத்திய குத்துதான் பலமாக விழுந்திருக்கிறது.

அக்கா வாசற்படியில் நின்றாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அது என் போன். மெசேஜ் எனக்கு வந்தது. யாரும் கை வைக்கக் கூடாது."

"அக்கா, அந்தப் பொம்பளை..."

"தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா? வேலை நேரத்துல போன் பேசிக்கிட்டிருந்தாருன்னு அதுலயே இருக்கு. முத்திரையும் பொய்யி. இவரு லைசென்ஸ் போயிடும். ஜெயிலுக்குக் கூடப் போகணும். யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தாரு? என்கிட்ட. எதப் பத்தி? வாஷரப் பத்தி!" அவள் அழவில்லை, கத்தினாள். "நான் கேட்டேன்டீ அவர. எந்த வாஷர்னு விவரமாச் சொல்லுங்கன்னு நான்தான் கேட்டேன்."

அக்காவை இந்தக் கதையின் வில்லியாக எழுத ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

8

முடிவுகள்.

அ) அத்தான் மனம் மாறி, சட்டையை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்த நடையோடு விசாரணை அலுவலகத்துக்குப் போகிறார். வெளியே வெயில் அடித்துக்

[அடிக்கட்டும். ஒரு நல்ல மனிதரைக் கடைசிப் பக்கத்தில் உற்பத்தி செய்து உங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் நல்ல மனிதர்தான். அன்றைக்கும் நல்ல மனிதராகத்தான் லீவர் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.]

ஆ) அக்கா பதிவை அழித்துவிடுகிறாள். குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. வீட்டில் யாரும் அதன் பிறகு

[இது நடக்கக் கூடியது. நடக்கக் கூடியது என்பதற்காகவே அதை எழுதிக் கொடுக்க மாட்டேன்.]

இ) எழுதியவளே போய் உண்மையைச் சொல்கிறாள்.

இது கற்பனை இல்லை, புதன்கிழமை நடந்தது. போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர். அந்த வாக்குமூலத்தை எழுதியது நான், அதில் ஒரு வாக்கியம் தவறு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன்.

"நீங்க கப்பல்ல இருந்தீங்களா?"

"இல்ல."

"படகுல?"

"இல்ல. நான் எழுதிக் குடுத்தவ."

"எழுதிக் குடுத்தவங்க சாட்சி கிடையாதும்மா. கையெழுத்து அவருது. திருத்தமும் அவருதான் தரணும்." தாளைத் திருப்பித் தரும்போது அவர் அதில் ஒரு பார்வை ஓட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்க. டீச்சரா?"

அந்த ஜன்னலை உடைத்திருக்க வேண்டும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன்! எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

9

வெள்ளிக்கிழமை. மூன்று மணி. அலுவலகம் அரை மணி நேர தூரம்.

சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவர். நடுவில் ஒரு தாள். அதில் நான் இரண்டே வரி எழுதியிருந்தேன்: கப்பலின் ஹாரன் பன்னிரண்டு இருபதிலிருந்து அடிக்கவில்லை. படகிலிருந்து ஊதிய சத்தம் எனக்குக் கேட்டது. கீழே கையெழுத்துக்கு இடம். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே மட்டமான உரைநடை அதுதான், அதைத் திருத்தி எழுத எனக்குக் கை வரவேயில்லை.

தாளுக்குப் பக்கத்தில் பேனா. பேனாவுக்குப் பக்கத்தில் அக்கா தன் போனை வைத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. வைத்துவிட்டு, அவளே பதிவை ஓட விட்டாள்.

மெயின் வால்வை மூட வேண்டும். கருப்பு வாங்கக் கூடாது. மகளின் மூக்குக் கண்ணாடி. அத்தான் தன் குரலையே வேறு யாரோ பேசுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம். நான்கு. வெள்ளை வாஷர், என்று குரல் நின்றது. அந்த ஆறேழு நொடி வந்தது.

ஒரு நீண்டது. இரண்டு குறுகியது.

அக்கா போனை நிறுத்தினாள். மணி மூன்று ஐந்து. இப்போது மேசை மேல் ஒரு பேனாவும் ஒரு போனும் இருக்கின்றன. அழிப்பதற்கும் ஒரு விரல் போதும். ஒரு கை நகர்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாருடைய கை என்று எனக்குத் தெரியும், எதை எடுத்தது என்றும் தெரியும். எழுத மாட்டேன். என்ன நடந்தது என்று நான் சொல்லி நீங்கள் நம்புவது, ஒரு தடவை போதும்.

கடலில் எஞ்சினை நிறுத்தி நகராமல் நிற்கிற கப்பலுக்கும் ஒரு ஒலி உண்டு. இரண்டு நீண்டது. நான் நின்றுவிட்டேன், ஆனால் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். நான் இங்கே நிற்கிறேன்.

மீதியை நீங்கள் எழுதுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஊதிய சத்தம் உங்களுக்கும் கேட்டுவிட்டது, கேட்டவருக்கு விதி என்ன சொல்கிறது என்று இரண்டாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அழகாக எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், தலையைச் சற்றுச் சாய்த்து, நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.